கொட் மீன் குறையுறதுக்குத் திமிங்கிலமோ காரணம்? (மகளின்ர பள்ளிக்கூட விவாதத்துக்கு உதவி தேவை)

ட்ரொம்சோ_வானதி எழுதியது:

வணக்கம் உறவுகளே. மகள் பத்தாம் வகுப்பு. அடுத்த கிழமை வகுப்பில விவாதம். தலைப்பு, "மீன்வளத்தைக் காப்பாத்தத் திமிங்கில வேட்டை தேவை". சீட்டுக் குலுக்கினதில இவளுக்கு "தேவை" எண்ட பக்கம் விழுந்திட்டுது. இவளுக்கோ திமிங்கிலத்தைச் சுடுற படம் பாத்தாலே கண் கலங்கும். மூண்டு நாளா வீட்டில இதே கதைதான்.

இவர் சொல்லுறார், ஒரு திமிங்கிலம் ஒரு நாளைக்கு எத்தனை பெட்டி மீன் விழுங்கும், அதுகளைப் பெருக விட்டால் எங்களுக்கு என்ன மிஞ்சும் எண்டு. வெளியிலயும் அதே கதைதான். நோர்வேக்கு வடக்கால இருக்கிற பாரன்ட்ஸ் கடல் கொட் மீனுக்கு 2025 கோட்டா (பிடிக்க விட்ட அளவு) 340,000 தொன். 1991க்குப் பிறகு அதுவரைக்கும் இவ்வளவு குறைவா வைச்சதில்லையாம். மீன்கடை வரிசையில எனக்கு முன்னால நிண்ட மனுசன் விலையைப் பாத்திட்டு, "எல்லாம் அந்தத் திமிங்கிலங்கள்தான்" எண்டதை என்ர காதால கேட்டனான். மகள் எங்கயோ வாசிச்சிட்டு, திமிங்கிலம் கூடினால் மீனும் கூடும் எண்டு நேர்மாறாச் சொல்லுறாள்.

மீன் வேலை செய்த ஆக்கள் இங்க கனபேர் இருக்கிறியள். உண்மையில எது சரி எண்டு ஆராவது விளங்கப்படுத்துங்கோ.

---

வலைத்தம்பி_ஃபின்மார்க் எழுதியது:

அக்கா, அண்ணை சொல்லுறதுதான் சரி. நான் ஆறு வருசம் கரையோர வலைப் படகில நிண்டனான். கோடையில ஹெரிங் மீன் கூட்டம் மேல வந்து தண்ணி கொதிக்கிற மாதிரி நிக்கும். கொஞ்ச நேரத்தில மிங்கே எண்ட சாதித் திமிங்கிலம் கீழ இருந்து வாயைத் திறந்துகொண்டு வரும். அது ரெண்டு தரம் வந்து போனால் அந்த இடத்தில வலை போட்டுப் பிரயோசனமில்லை.

நோர்வே ஆராய்ச்சியாளர் 1992 - 1995 காலத்தில திமிங்கிலத்தின்ர இரைப்பையை வெட்டிப் பாத்துக் கணக்கெடுத்தவை. பாரன்ட்ஸ் கடலிலயும் நோர்வேக் கரையோரத்திலயும் 85,000 மிங்கே, ஆறு மாதத்தில 18 இலட்சம் தொன் தின்னுது எண்டு வந்தது. அதில 256,000 தொன் கொட். இதை மகள் எழுதி வைச்சால் காணும், வெண்டிடுவாள்.

1987 இல கடல்நாய்க் கூட்டம் கரைக்கு வந்ததைப் பற்றி எங்கட கப்டன் சொல்லுவார். வலையை இழுக்க இழுக்க மீன் இல்லையாம், செத்த கடல்நாய்தானாம். அந்த வருசம் மட்டும் 50,000க்கு மேல வலையில மாட்டிச் செத்தது. கடல் மிருகங்களைக் கட்டுப்படுத்தாமல் விட்டால் அப்படித்தான் வரும்.

---

பாட்ஸ்ஃபியூர்ட்_1987 எழுதியது:

தங்கச்சி வானதி, தம்பி சொன்ன இலக்கங்கள் சரி. ஆனால் 1987 இல நான் அந்தக் கரையில நிண்டனான். அதைப் பற்றிக் கொஞ்சம் நீட்டிச் சொல்லவேணும், பொறுத்துக்கொள்ளுங்கோ.

எனக்கு மயிலிட்டி. அப்பாவும் பெரியப்பாவும் வள்ளம் வைச்சிருந்தவை. நாட்டு நிலைமையால மாணவ விசாவில இங்க வந்து, 1987 இல வடக்குக் கரையில பாட்ஸ்ஃபியூர்டில மீன் பக்ரறிக்குப் போனனான். ஃபின்மார்க் பக்கம் எங்கட பெடியள் கனபேர் அப்பிடித்தான் துவங்கினது. முதல் குளிர்காலம் என்னைக் குடல் எடுக்கிற மேசையில விட்டவை. ரெண்டு மாதம் சூரியன் எழும்பாத ஊர், லைற் வெளிச்சத்திலதான் எல்லாம்.

பெட்டியில வந்த கொட்டைப் பாத்து எனக்கு மனசு கேக்கேல்லை. மீன்காரன் வீட்டுப் பிள்ளை நான், நல்ல மீன் எது எண்டு தெரியும். தலை பெரிசு, உடம்பு சூம்பி, வயிறு முதுகோட ஒட்டிக்கிடக்கும். நல்ல கொட்டின்ர ஈரல் கை நிறைய வரும், வெண்ணெய் நிறத்தில கொழுப்பா இருக்கும். இதுகளின்ர ஈரல் ரெண்டு விரல் அகலம்கூட இல்லை, கறுத்துக் காய்ஞ்சுபோய். ஒருநாள் ஒரு மீனின்ர இரைப்பையைக் கீறினன். உள்ளுக்குச் சின்ன மீன் ஏழு. எண்ணிப் பாத்தனான். ஏழும் கொட் குஞ்சு. தன்ர இனத்தையே தின்னிருக்கு. பக்கத்தில நிண்ட நோர்வேக்கார அம்மா எட்டிப் பாத்திட்டு, "லொட்ட இல்லை" எண்டா. அவ்வளவுதான் சொன்னவ. அப்ப எனக்கு அந்தச் சொல்லே விளங்கேல்லை.

லொட்ட எண்டால் கப்பெலின். எங்கட சூடை மாதிரிக் கூட்டமாத் திரியிற சின்ன மீன். பாரன்ட்ஸ் கடலில எல்லாருக்கும் சோறு அதுதான். கொட் தின்னும், கடல்நாய் தின்னும், பறவை தின்னும், திமிங்கிலமும் தின்னும். மனுசனும் விடேல்லை. 1977 இல மட்டும் கிட்டத்தட்ட 30 இலட்சம் தொன் அள்ளினவை, பெரும்பாலும் மீன்மாவுக்கும் எண்ணெய்க்கும். பிறகு 1983 இல ஹெரிங் குஞ்சு எக்கச்சக்கமாப் பிறந்து பாரன்ட்ஸ் கடலுக்குள்ள வந்து, லொட்டையின்ர முட்டையில இருந்து வாற பொடிக் குஞ்சுகளைத் தின்னத் துவங்கிட்டுது. மேல இருந்து வலை, கீழ இருந்து ஹெரிங், நடுவில பசிச்ச கொட். 1986 இல லொட்ட விழுந்துபோச்சு, அதைப் பிடிக்கிறதை அடியோட நிப்பாட்டினவை.

தம்பி, நீங்கள் சொன்ன கடல்நாய் ஏன் கரைக்கு வந்தது எண்டு இப்ப யோசிச்சுப் பாருங்கோ. அதுகள் வடக்கில பனிக்கட்டி ஓரத்தில இருக்கிற சாதி. அங்க தின்ன ஒண்டும் இல்லாமல் பட்டினியில இறங்கி வந்ததுகள். வலையில செத்த கடல்நாயைத் துறைமுகத்தில நானும் பாத்தனான். விலா எலும்பு தெரிய, மெலிஞ்சு கிடந்துது. எங்கட மேசைக்கு வந்த கொட்டுக்கு என்ன வருத்தமோ அதே வருத்தம்தான் அதுக்கும்.

1989 ஏப்ரல் 18ம் திகதி கரையோரக் கொட் பிடிப்பை நிப்பாட்டினவை. அதை மறக்க ஏலாது. அடுத்த நாள் வேலைக்குப் போனால் மேசை காய்ஞ்சுபோய்க் கிடக்கு. 1990க்கு மொத்தக் கோட்டாவே 160,000 தொன். எங்கட அறையில இருந்த மூண்டு பேரில ரெண்டு பேர் கரையோரக் கப்பல் ஏறித் தெற்கால போட்டினம். நான் மட்டும் மிஞ்சினன்.

இனித் திமிங்கிலத்துக்கு வாறன். அனைத்துலகத் திமிங்கில ஆணையம் 1982 இல தீர்மானம் போட்டு, 1986 அளவில இருந்து வணிக வேட்டைக்குத் தடை. நோர்வே தன்ர எதிர்ப்பைப் பதிஞ்சது. எண்டாலும் 1987 வேட்டைக்குப் பிறகு நிப்பாட்டி, 1993 இலதான் திரும்பத் துவங்கினது. இடையில ஆராய்ச்சிக்கெண்டு கொஞ்சம் சுட்டதோட சரி. இந்தச் சுடாத வருசங்களுக்குள்ளதான் கொட் திரும்பி வந்தது. 90ம் ஆண்டு துவக்கத்தில லொட்ட திரும்பினது, கோட்டாவை இறுக்கிப் பிடிச்சினம், 1994 இல பிடிபட்ட கொட் 7 இலட்சம் தொன்னுக்கு மேல. 2013 இல கோட்டா 10 இலட்சம் தொன். அந்த நேரம் கடலில மிங்கே குறைஞ்சு கிடந்ததெண்டு ஒருத்தரும் சொல்ல ஏலாது. இப்ப வேட்டை வருசா வருசம் நடக்குது, கொட் இறங்குது. சில வருசமாப் புதுக் குஞ்சுகள் போதியளவு வளர்ந்து கூட்டத்தில சேரேல்லை. கடையில நிண்ட அந்த மனுசன் இந்த வருசங்களை ஒருக்கா வரிசையா எழுதிப் பாத்தாரெண்டால் திமிங்கிலத்தில பழி போடமாட்டார்.

தம்பியின்ர கணக்கையே எடுங்கோ. 18 இலட்சம் தொன்னை 85,000ஆல பிரிச்சால் ஒரு திமிங்கிலத்துக்கு 21 தொன். அதில கொட் எண்டு பாத்தால் 3 தொன். இப்ப வருசத்துக்குச் சுடுறது 500 அளவில. 2018 இல இருந்து 2021 வரைக்கும் 1,278 சுடலாம் எண்டு அனுமதி இருந்துது, பாதியைக்கூட எட்டேல்லை. போற படகு பதினைஞ்சு வராது, இறைச்சிக்கும் பெரிய கிராக்கி இல்லை. 500ஐ மூண்டால பெருக்கினால் 1,500 தொன். 340,000 தொன்னுக்குப் பக்கத்தில அது அரை வீதம்கூட இல்லை. அந்த 1,500 தொன்னும் நேர எங்கட வலைக்கு வருமெண்டு வைச்சாலும்தான். வராது. கனக்கச் சின்ன மீன், திமிங்கிலம் விட்டால் பெரிய கொட் தின்னும். ஏழு குஞ்சுக் கதை அதுக்குத்தான் சொன்னனான்.

இன்னொண்டு. அதே கணக்கில திமிங்கிலம் தின்ன ஹெரிங் 633,000 தொன், கொட்டை விட ரெண்டரை மடங்கு. ஹெரிங் என்ன செய்யும் எண்டு மேல சொல்லிட்டன், லொட்டைக் குஞ்சைத் தின்னும். லொட்ட இல்லாட்டில் கொட் பட்டினி. திமிங்கிலத்தைக் குறைச்சால் ஹெரிங் கூடும், ஹெரிங் கூடினால் லொட்ட குறையும், பிறகு கொட்டின்ர ஈரல் காயும். இந்தப் பக்கமும் வரலாம், அந்தப் பக்கமும் வரலாம்.

ஒரு விசயத்தில மட்டும் திமிங்கிலத்தால மீன் தொழிலுக்கு உண்மையான நட்டம் இருக்கு, அதை ஆரும் கதைக்கிறேல்லை. புழு. ரெண்டாம் வருசம் என்னை பில்லே (முள் எடுத்த சதைத் துண்டு) மேசைக்கு மாத்தினவை. கீழ இருந்து லைற் அடிக்கிற கண்ணாடி மேசை. அதில தோல் உரிச்ச மீன் துண்டை வைச்சால் ஊடு தெரியும். மணிக்கூட்டுச் சுருள் மாதிரிச் சுருண்டு, வெள்ளையா, வயித்துப் பக்கச் சதையில ஒட்டிக்கிடக்கிறது அனிசாக்கிஸ். அதின்ர முட்டை திமிங்கிலத்தின்ர கழிவோட கடலுக்கு வந்து, கிறில் எண்ட இறால் மாதிரிப் பொடி உயிருக்குள்ள போய், மீனுக்குள்ள போய், திரும்பத் திமிங்கிலத்தின்ர வயித்திலதான் பெரிசாகும். தடிப்பா, மண்ணிறமா, சதைக்கு நடுவில கிடக்கிறது கடல்நாயில வளருற புழு. ரெண்டையும் கத்தி நுனியால எடுக்கவேணும். வயித்துச் சதை முழுக்க வெட்டி எறியிற நாளும் உண்டு. எத்தனை பேரின்ர கண்ணும் முதுகும் அந்த மேசையில போனது. என்ர மனுசியும் பதினொரு வருசம் அதில நிண்டவ.

ஆனால் 500 திமிங்கிலத்தைச் சுட்டு அந்தப் புழுவை இல்லாமலாக்க ஏலாது. டொல்பினிலயும் வளரும் அது.

---

நெய்தல்_பெர்கன் எழுதியது:

அண்ணாவின் பதிவை இரண்டு முறை படித்தேன். நான் தூத்துக்குடி, இங்கே கடல் சூழலியல் படிக்கிறேன். மீன் வெட்டும் மேசையில் நின்று பார்த்தவர் சொல்வதில் இருக்கும் தெளிவு எங்கள் வகுப்பறையில் கிடைப்பதில்லை.

ஓர் இடத்தில் மட்டும் சின்னத் திருத்தம். வேட்டை இல்லாத ஆண்டுகளில் கொட் பெருகியது என்பதை "திமிங்கிலத்தால் பாதிப்பே இல்லை" என்பதற்கு ஆதாரமாக மகள் சொல்லிவிடக் கூடாது. லொட்டையும் மீன்பிடிக் கட்டுப்பாடும் திமிங்கிலத்தைவிடப் பெரிய விசைகள் என்பதை அது காட்டுகிறது, அவ்வளவுதான். எதிரணியில் கெட்டிக்காரப் பிள்ளை இருந்தால் அங்கேதான் பிடிப்பாள்.

அக்கா, உங்கள் மகளுக்கு முக்கியமாகச் சொல்ல வேண்டியது வேட்டைக் கோட்டா எப்படிப் போடுகிறார்கள் என்பது. ஆணையத்தின் அறிவியல் குழு உருவாக்கிய ஒரு கணக்கு முறைதான் நோர்வே கோட்டாவுக்கு அடிப்படை. அதற்குள் போவது இரண்டே இரண்டு: கடலில் எத்தனை திமிங்கிலம் எண்ணப்பட்டது, இதுவரை எத்தனை கொல்லப்பட்டது. கொட்டும் ஹெரிங்கும் லொட்டையும் அந்தக் கணக்கில் எங்கேயும் இல்லை. திமிங்கில இனம் அழியாமல் எத்தனை எடுக்கலாம் என்பதற்காகச் செய்த முறை அது. பேச்சில் மீனைக் காக்கும் வேட்டை என்கிறார்கள், கோட்டா போடும்போது மீனை யாரும் பார்ப்பதில்லை. விவாதத் தலைப்பே ஆடிப்போகிற இடம் இதுதான்.

"திமிங்கிலம் மனிதனைவிடப் பல மடங்கு மீன் தின்கிறது" என்ற வாதத்தை உலகெங்கும் கொண்டுபோனது ஜப்பான் தரப்பு. அதைச் சோதிக்க 2009இல் சயின்ஸ் இதழில் ஓர் ஆய்வு வந்தது, மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி உள்ளிட்டவர்கள் செய்தது. வடமேற்கு ஆப்பிரிக்கக் கடலையும் கரீபியனையும் கணினி மாதிரியில் வைத்து, பெருந்திமிங்கிலங்களை எடுத்துவிட்டால் மீன் எவ்வளவு கூடும் என்று பார்த்தார்கள். சொல்லும்படியாக ஒன்றும் கூடவில்லை. பெரும்பாலான திமிங்கிலங்கள் அந்த வெப்பக் கடலுக்கு வருவது குட்டி போட. அங்கே அவை அதிகம் சாப்பிடுவதே இல்லை. செனகல் மீனவனிடம் போய் "உன் மீனைத் திமிங்கிலம் தின்கிறது" என்று சொன்னது எனக்கு இன்றும் ஆறவில்லை. அவன் மீனை அள்ளியது தூரதேசத்துக் கப்பல்கள்.

பாரன்ட்ஸ் கடல் அப்படியல்ல, இங்கே மிங்கே வருவதே சாப்பிடத்தான். அதனால் ஆப்பிரிக்க முடிவை அப்படியே இங்கே ஒட்டவும் கூடாது.

மகள் வாசித்த "திமிங்கிலம் கூடினால் மீன் கூடும்" என்பதிலும் பாதி உண்மை உண்டு. ஆழத்தில் சாப்பிட்டு மேலே வந்து கழிப்பதால் சத்து மேல்மட்டத்துக்கு வருகிறது. அமெரிக்காவின் மெய்ன் வளைகுடாவில் திமிங்கிலமும் கடல்நாயும் ஆண்டுக்கு 23,000 தொன் நைட்ரஜனை அப்படிக் கொடுக்கின்றன என்று 2010இல் கணக்கிட்டார்கள், அங்கே சேரும் எல்லா ஆறுகளும் கொண்டுவருவதைவிட அதிகம். அண்டார்டிக்காவைச் சுற்றிய தென்கடலில் கதை இன்னும் வியப்பு. பெருந்திமிங்கிலங்களை வேட்டையாடித் தீர்த்த பிறகு கிறில் பெருகி வழியும் என்று எதிர்பார்த்தார்கள். பெருகவில்லை, திமிங்கிலம் தந்த சத்தும் குறைந்தது காரணமாக இருக்கலாம். ஆனால் நைட்ரஜன் கூடுகிறது என்பதிலிருந்து கொட் இத்தனை தொன் கூடும் என்று தாவ வேண்டாம்.

---

வலைத்தம்பி_ஃபின்மார்க் எழுதியது:

அண்ணை, அக்கா, ரெண்டு பேருக்கும் நன்றி. ஹெரிங் - லொட்ட விசயம் எனக்குப் புதுசு, கப்டனிட்டயும் கேக்கப்போறன். ஆனால் 500 எண்டு ஒரு வருசத்தை மட்டும் பாக்கிறது சரியில்லை. சுட்ட திமிங்கிலம் அடுத்த வருசமும் தின்னாது, அதுக்கடுத்த வருசமும் தின்னாது. 1993 இல இருந்து ஏறக்குறைய 15,000 சுட்டாச்சு. அதுகள் எல்லாம் இருந்து, குட்டியும் போட்டிருந்தால்?

---

பாட்ஸ்ஃபியூர்ட்_1987 எழுதியது:

தம்பி, நல்ல கேள்வி. நான் அதை விட்டிட்டன், பிழைதான்.

15,000மும் இண்டைக்கு உயிரோட இருந்தால் 45,000 தொன் கொட். அது சின்ன எண் இல்லை, ஒத்துக்கொள்ளுறன். ஆனால் முப்பது வருசத்தில பாதி தானாவே செத்திருக்கும். திமிங்கிலம் கூடக் கூட அதுக்கும் தீன் தட்டுப்படும், குட்டியும் குறையும். ஹெரிங்கை அதுகள் தின்னுறதால வாற நன்மையையும் கழிக்கவேணும். எல்லாம் கழிச்சு என்ன மிஞ்சும் எண்டு ஒரு இலக்கத்தைச் சத்தியம் பண்ணிச் சொல்ல நான் வரமாட்டன்.

அதைவிட இதை யோசியுங்கோ. கொட்டுக்காகத்தான் சுடுறது எண்டால் 500 காணாது. பத்தாயிரக்கணக்கில சுடவேணும். ஒரு இலட்சத்துக்கு மேல நிக்கிற கூட்டத்தில பாதியைக் கொல்ல வேண்டிவரும். அந்த இறைச்சியை ஆர் தின்னுறது? இருக்கிற கோட்டாவே முடியேல்லை. சாப்பாட்டுக்கு அளவோட பிடிக்கிற தொழிலெண்டு வேட்டைக்காரர் சொன்னால் நான் மறுத்துப் பேசமாட்டன். மீனைப் போல அதுவும் கடல் தாறது, அதின்ர இனம் இங்க அழியேல்லை. ஆனால் கொட்டைக் காப்பாத்துறம் எண்டு சொல்லிச் சுடுறதை ஏற்கமாட்டன். 89 இல எங்கட வேலை போனதுக்குப் பொறுப்பு, லொட்டையையும் கொட்டையும் அளவில்லாமல் அள்ள விட்ட மனுசருக்கு. திமிங்கிலத்தைக் காட்டினால் அந்தப் பொறுப்பு மறைஞ்சுபோகும், நாளைக்குத் திரும்ப அள்ளுவினம். எனக்குப் பயம் அதுதான்.

---

ட்ரொம்சோ_வானதி எழுதியது:

எல்லாருக்கும் மெத்தப் பெரிய நன்றி. மகள் மூண்டு தரம் வாசிச்சவள், ஏழு குஞ்சுக் கதையைத் தகப்பனுக்கும் வாசிச்சுக் காட்டினவள். அவர் ஒண்டும் சொல்லேல்லை, பிறகு வந்து ஹெரிங் விசயத்தைத் திரும்ப ஒருக்கா வாசிக்கச் சொன்னார். "தேவை" எண்ட பக்கத்தில நிண்டுகொண்டு பொய் சொல்லாமல் பேச ஏலுமோ எண்டு மகள் கேக்கிறாள்.

இன்னொரு கேள்வி அண்ணை. நேற்று வாங்கின கொட்டில நீங்கள் சொன்ன மாதிரி வெள்ளைச் சுருள் ரெண்டு கிடந்துது. சமைக்கலாமோ, எறியிறதோ?

---

பாட்ஸ்ஃபியூர்ட்_1987 எழுதியது:

பிள்ளைக்குச் சொல்லுங்கோ, ஏலும். தம்பி சொன்ன 15,000 கணக்கையும் புழுவையும் கொண்டுபோகட்டும், ரெண்டும் உண்மை. எவ்வளவு பெரிசு எண்டு கேட்டால் பெரிசில்லை எண்டு நேர சொல்லட்டும்.

மீனை எறியாதேங்கோ. சுருளைக் கத்தி நுனியால எடுத்திட்டு, வயித்துப் பக்க மெல்லிய சதையை வெட்டி விடுங்கோ. அங்கதான் கனக்க இருக்கும். நடுவரைக்கும் நல்லா வேகினால் புழு செத்திடும், குழம்பெண்டால் பயமே இல்லை. பச்சையாவோ உப்புப் போட்டோ தின்னுறதெண்டால் மட்டும் முதல்ல -20 பாகையில ஒரு முழுநாள் உறைய விடவேணும். வீட்டு ஃப்ரீசர் அந்தக் குளிருக்கு வர நேரமெடுக்கும், ரெண்டு மூண்டு நாள் விடுங்கோ. ஈரலைப் பாத்தனீங்களோ, என்ன நிறம்?

---

ட்ரொம்சோ_வானதி எழுதியது:

வெள்ளை அண்ணை. கை நிறைய இருந்துது.